தேடுகிறவருக்குப் பதில் எழுதுங்கள்

அன்புள்ள வாசகருக்கு,

மரச்செக்கு எண்ணெய்க்கு இணையதளம் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியும், கடைப் பெயரைச் சொல்லித் தேடுகிறவர்களைத் தவிர வேறு யாரும் வந்து சேரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மாதாமாதம் ஒரு தொகை கொடுத்தால் மூன்றே மாதத்தில் கூகுளில் முதலிடம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறாராம். கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொந்தமாகத் தளம் வைத்திருக்கும் பலருக்கும் இதே கேள்வி இருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

கொடுக்காதீர்கள். கூகுளில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. எந்தத் தேடலுக்கு முதலிடம் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் கடைப் பெயருக்கு முதலிடம் வருவது பெரிய காரியமில்லை. அந்தப் பெயர் வேறு யாருக்கும் கிடையாது. ‘நல்லெண்ணெய்’ என்று தேடினால் வரும் வரிசையோ தேடுகிறவர் இருக்கும் ஊரைப் பொறுத்தும், மொழியைப் பொறுத்தும் மாறும். விளம்பரத்துக்குக் காசு கொடுத்தால் மேலே விளம்பரம் வரும். அதற்குக் கீழே இயல்பாக வரும் வரிசையில் காசு கொடுத்து இடம் பிடிக்கும் வசதியை கூகுள் யாருக்கும் விற்பதில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். அது தேடுகிறவரைச் சென்று சேர்வதற்குத் தடையாக இருப்பவற்றை நீக்குங்கள். தேடலில் மேலே வருவதற்கான வேலை, எஸ்.இ.ஓ. என்று பெரிதாகப் பேசப்படுவதில் உங்களைப் போன்ற சிறு வணிகருக்குத் தேவையான பகுதி இந்த இரண்டில் அடங்கிவிடும்.

முதலில் தடைகளைப் பார்ப்போம். கூகுளின் நிரல்கள் பக்கம் பக்கமாகச் சென்று படிக்கின்றன. படித்ததைத் தம் அட்டவணையில் சேர்த்துக்கொள்கின்றன. யாராவது தேடும்போது அந்த அட்டவணையிலிருந்து எடுத்து வரிசைப்படுத்துகின்றன. அட்டவணையிலேயே இல்லாத பக்கம் வரிசையில் வராது. ஆகவே உங்கள் பக்கங்கள் அங்கே இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் கோளாறு அடித்தளத்தில் இருக்கிறது. வேர்ட்பிரஸில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு சின்னப் பெட்டி உண்டு. தளம் கட்டும்போது அதில் டிக் போட்டுவிட்டு, திறப்பு விழாவுக்குப் பிறகு எடுக்க மறந்துபோவது அடிக்கடி நடப்பதுதான். அதை எடுத்துவிட ஒரு நிமிடம் போதும்.

அடுத்து கூகுள் சர்ச் கன்சோல். இது இலவசம். தளம் உங்களுடையது என்று நிரூபித்துவிட்டால், எந்தப் பக்கம் அட்டவணையில் இருக்கிறது, எது இல்லை, ஏன் இல்லை என்று காட்டும். என்ன சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதையும் கடந்த 16 மாதங்கள் வரை பார்க்கலாம். மாதத்துக்கு ஒருமுறை இதைத் திறந்து பார்க்கும் கடைக்காரருக்குத் தன் வாடிக்கையாளர் மனத்தில் என்ன ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறிக்கும் இதே போன்ற இலவசக் கருவி உண்டு. இரண்டிலும் உங்கள் சைட்மேப்பை, அதாவது தளத்தின் பக்க முகவரிப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். ஒரு சைட்மேப் கோப்பில் 50,000 முகவரிகள் வரை இடம் உண்டு. உங்களுக்கு ஒன்றே தாராளம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தளத்தைத் திறந்து பார்த்தேன். முகப்பில் அழகான போஸ்டர், அதற்குள்ளேயே விலைப் பட்டியல், அதற்குள்ளேயே எண்ணெயின் சிறப்புகள். எல்லாமே படம். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி ஒரு பக்கத்தை ஒப்படைக்கக் கூடாது. தேடுபொறிக்கு உறுதியாகப் புரிவது பக்கத்தில் எழுத்தாகவே இருக்கும் எழுத்துதான். கண் தெரியாதவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அதுவே வேண்டும். விலையை, அளவை, முகவரியை, போன் நம்பரை எழுத்தாக இடுங்கள். படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கான மாற்று உரையில் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.

தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்கு இன்னொரு பழைய தடையும் உண்டு. டி.டி.பி. கடையில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்ததை அப்படியே தளத்தில் ஏற்றினால், பார்வைக்கு அது தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். பாமினியில் அடித்த ‘அம்மா’ கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் தெரியும். அந்தப் பக்கத்தை எந்தத் தேடுபொறியும் தமிழ்ப் பக்கமாகப் படிக்காது. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றித் தரும் இலவசக் கருவிகள் நிறைய உள்ளன. பழைய பி.டி.எஃப். விலைப் பட்டியலையும் மறந்துவிடாதீர்கள்.

தடை நீங்கிய பிறகு, எதை எழுதுவது? இதற்கு நீங்கள் வேறு எங்கும் போக வேண்டாம். ஒரு நாளில் உங்கள் கடை போனில் வரும் கேள்விகளைக் குறித்து வையுங்கள். பெங்களூரிலிருந்தோ ஊட்டியிலிருந்தோ ஒருவர் கேட்பார்: ‘தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிட்டது, கலப்படமா?’ இன்னொருவர் கேட்பார்: ‘கடலை எண்ணெயில் அடியில் கசடு நிற்கிறதே, கெட்டுப்போனதா?’ வேறொருவர்: ‘நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி எதற்குப் போடுகிறீர்கள்?’ இவை ஒவ்வொன்றும் உங்களுக்கு ஒரு பக்கம். போனில் உங்களைக் கேட்கும் ஒருவருக்குப் பின்னால், அதே கேள்வியைக் கூகுளில் அடித்துப் பார்க்கும் பலர் இருக்கிறார்கள்.

முதல் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். அது அதன் இயல்பு. உறைவதால் மட்டுமே சுத்தமான எண்ணெய் என்றும் ஆகிவிடாது. உறைந்த பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும். இதை உங்கள் சொந்த நடையில், உறைந்த பாட்டிலின் படத்தோடு எழுதுங்கள். தலைப்பை ‘தேங்காய் எண்ணெய் குளிரில் உறைவது ஏன்?’ என்று கேட்பவரின் வாய்மொழியிலேயே வையுங்கள். பதிலை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். விளக்கம் பின்னால் வரட்டும். தேடல் முடிவில் பெரும்பாலும் தெரியப்போவது அந்தப் பக்கத்தின் டைட்டில்தான். ஆகவே எல்லாப் பக்கத்துக்கும் கடைப் பெயரையே டைட்டிலாக வைத்திருப்பதை மாற்றி, ஒவ்வொரு பக்கத்துக்கும் அதற்கே உரிய டைட்டில் கொடுங்கள். நல்லெண்ணெய்க்கு ஒரு பக்கம், கடலை எண்ணெய்க்கு ஒரு பக்கம் என்று தனித்தனியே பிரியுங்கள். ஒரு பக்கத்திலிருந்து தொடர்புள்ள மற்றொரு பக்கத்துக்கு லிங்க் கொடுங்கள்.

எழுதும்போது ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். இந்த எண்ணெய் சர்க்கரையைக் குணமாக்கும், இதய அடைப்பை நீக்கும் என்றெல்லாம் எழுதாதீர்கள். உடல்நலம், பணம் போன்ற விஷயங்களில் நம்பகத்தன்மையைக் கூகுள் கூடுதல் கவனத்தோடு பார்க்கிறது. அதைவிட முக்கியம், உங்கள் பக்கத்தை நம்பி ஒருவர் மருந்தை நிறுத்திவிடக் கூடும். எள் எங்கிருந்து வாங்குகிறீர்கள், எப்படிக் காயவைக்கிறீர்கள், எத்தனை மாதம் வைத்துப் பயன்படுத்தலாம் என்பது உங்களுக்குத் தெரியும். அதை மட்டும் எழுதினாலே போதும்.

‘மரச்செக்கு எண்ணெய், மரச்செக்கு எண்ணெய்’ என்று வரிக்கு வரி நிரப்பச் சொல்வார்கள். செய்யாதீர்கள், அது கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானது. பக்கத்தின் மறைவில் கீவேர்ட்ஸ் என்ற பட்டியல் சேர்த்துத் தருகிறோம் என்று கட்டணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுகிறவர்கள் இருக்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். அவர்களுக்காகப் பக்கம் முழுவதையும் தங்கிலீஷில் எழுத வேண்டாம். பொருளின் பெயரை ஓரிடத்தில் ஆங்கில எழுத்திலும் இயல்பாகக் குறிப்பிடுங்கள். ஆங்கிலத்தில் வாடிக்கையாளர் உண்டென்றால் ஆங்கிலத்துக்குத் தனிப் பக்கம் வையுங்கள். முகவரியில் தமிழ் எழுத்து வந்தாலும் தேடுபொறிக்குச் சிரமமில்லை. ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது ‘மரச்செக்கு’ என்ற ஒரு சொல்லே 90 குறிகளாக நீண்டுவிடக்கூடும். பிறருக்கு அனுப்ப வசதி வேண்டுமென்றால் முகவரியை மட்டும் சிறிய ஆங்கிலச் சொல்லாக வைத்துக்கொள்ளலாம்.

வேகத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கூகுள் இப்போது உங்கள் தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான் படித்து அட்டவணையில் சேர்க்கிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது அதன் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் எங்கே தாமதம் என்று சொல்லும். உங்கள் தளத்தில் காரணம் கண்ணுக்கே தெரிகிறது: கேமராவிலிருந்து எடுத்த படங்களைச் சுருக்காமல் ஏற்றியிருக்கிறீர்கள்.

இனி, உங்களை அணுகியவர் சொல்லும் ‘ஆயிரம் பேக்லிங்க்’. 1998-இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது அதன் அடிப்படை யோசனை, ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் லிங்க்கை அதன் மதிப்புக்கான சாட்சியாக எடுத்துக்கொள்வது. சாட்சிக்கு மதிப்பு வந்ததும் பொய்ச் சாட்சி விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவின் ஜே.சி. பென்னி என்ற பெரிய கடை நிறுவனம் பலப்பல பொருள்களுக்குத் தொடர்ந்து முதலிடத்தில் வந்துகொண்டிருந்தது. சம்பந்தமே இல்லாத ஏராளமான தளங்களில் அதற்கு லிங்க்குகள் நடப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. கூகுள் நடவடிக்கை எடுத்த அன்று மாலை, ஒரு பயணப்பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்த அந்த நிறுவனம் இரண்டே மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்கு இறங்கியது. அந்த லிங்க்குகள் தங்களுக்குத் தெரியாமல் போடப்பட்டவை என்றது நிறுவனம், தன் எஸ்.இ.ஓ. ஆலோசகர்களையும் விலக்கியது. தெரியாது என்று சொன்னதால் இடம் திரும்பக் கிடைக்கவில்லை. 2012-இல் கூகுளின் வரிசைப்படுத்தும் முறையில் பென்குயின் என்ற மாற்றம் வந்து, இத்தகைய லிங்க் வணிகத்தை நம்பியிருந்த தளங்களைக் கூட்டமாகக் கீழே தள்ளியது. யார் செய்த தவறானாலும் இழப்பு தளத்துக்காரருக்குத்தான் என்பதை மறக்காதீர்கள். பெரிய நிறுவனம் ஒரு வீழ்ச்சியைத் தாங்கும். நான்கு பேர் வேலை செய்யும் செக்குக்கூடம் தாங்காது.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒரே நாளில் நூறு கட்டுரை போட்டுத் தருகிறேன் என்று இனி ஒருவர் வருவார். வரிசையில் ஏறுவதற்காகவே மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களுக்கு எதிராகக் கூகுள் 2024 மார்ச்சில் தன் விதியை இறுக்கியது. அந்த ஆண்டிலேயே தேடல் முடிவின் உச்சியில் கூகுளே விடை தொகுத்துத் தரும் முறையும் இந்தியாவுக்கு வந்துவிட்டது. பொதுத் தகவலுக்காக உங்கள் பக்கத்தைத் திறப்பவர்கள் குறையக்கூடும். உங்களிடம் மட்டுமே இருக்கும் அனுபவம், உங்கள் கூடத்தில் எடுத்த படம், இன்றைய விலை இவற்றின் தேவை அதனால் குறையாது.

உள்ளூர் வாடிக்கையாளருக்கு, கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் உங்கள் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் உங்கள் தளத்துக்கு இணையாக முக்கியம். அதுவும் இலவசம். தேடலுக்குப் பொருத்தம், தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்ற மூன்றையும் வைத்தே வரைபடத்தில் கடைகள் வரிசைப்படுகின்றன. திறக்கும் நேரம், விடுமுறை, போன் நம்பர் சரியாக இருக்கட்டும். வாங்கிப் போனவர்களிடம் கருத்து எழுதக் கேளுங்கள். அதற்காகத் தள்ளுபடியோ பரிசோ தராதீர்கள், அது விதிமீறல். குறை சொல்லி எழுதியவருக்கு மரியாதையாகப் பதில் எழுதுங்கள். அடுத்து வாங்கப் போகிறவர் அதையும் படிப்பார்.

இத்தனைக்குப் பிறகும் ஆள் வைத்துக்கொள்ள நினைத்தால் தவறில்லை. நேர்மையாக இந்த வேலையைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தளத்தில் எதை மாற்றப் போகிறீர்கள், ஏன் என்று கேளுங்கள். ரகசியம் என்று சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சர்ச் கன்சோலும் பிசினஸ் புரொஃபைலும் உங்கள் கணக்கில் இருக்கட்டும்; அவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். படிக்க நேரம் இருந்தால் கூகுளின் சர்ச் சென்ட்ரல் தளத்தில் உள்ள தொடக்க வழிகாட்டியைப் படியுங்கள். விற்கப்படும் பயிற்சி வகுப்புகளுக்கு முன் அதைப் படித்துவிடுவது நல்லது.

எல்லாப் பலனும் உடனே தெரிந்துவிடாது. சில மாற்றங்கள் சில மணி நேரத்தில் தெரியும். சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். ஆனால் தமிழில் எழுதுகிறவருக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. அன்றாடத் தேவைக்கான எத்தனையோ கேள்விகளுக்குத் தமிழில் இன்னும் ஒழுங்கான பதில் எழுதப்படவில்லை. தொழில் தெரிந்தவர்கள் எழுதாததால், தெரியாதவர்கள் மொழிபெயர்த்து நிரப்பியவையே முன்னால் நிற்கின்றன. செக்கைப் பற்றி, எள்ளைப் பற்றி, கசடைப் பற்றி எழுத உங்களைவிடத் தகுதியானவர் யார்? இதை நான் வியாபார யோசனையாக மட்டும் சொல்லவில்லை. நீங்கள் எழுதி வைப்பது உங்களிடம் எண்ணெய் வாங்காதவருக்கும் பயன்படும்.

இந்த வாரம் அந்தத் தேங்காய் எண்ணெய்ப் பக்கத்தை எழுதுங்கள். எழுதி ஏற்றியதும் முகவரியை அனுப்புங்கள்; படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்