அரக்கர்க்குள் ஒரு வாக்குவாதம்

காரைக்குடி

அன்புள்ள வள்ளிக்கு,

உன் நாவலுக்கு நீ வகுத்திருக்கும் இனங்களின் பட்டியலைப் படித்தேன். மலைக்குள் வாழும் குள்ளர்கள் உழைப்பாளிகள், காட்டு எல்ஃப்கள் ஞானிகள், சதுப்புநிலத்து அரக்கர்கள் கொடியவர்கள் என்று இனத்துக்கு ஒரு குணம் எழுதி வைத்திருக்கிறாய். உடம்பும் உணவும் வாழிடமும் பிறப்போடு வரட்டும். குணத்தையும் பிறப்போடு கொடுத்துவிட்டால் அப்புறம் கதைக்கு வேலை இல்லை என்பது என் கட்சி. இதற்குச் சான்று தேடி இங்கிலாந்துக்குப் போக வேண்டாம். சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கி, பங்குனிதோறும் நம் ஊரே உட்கார்ந்து கேட்கும்படி செய்தாரே, அந்தக் கம்பராமாயணத்திலேயே மனிதர், வானரர், அரக்கர், கரடி, கழுகு என்று அத்தனை இனமும் உண்டு.

வாலி வதைப் படலத்தை நிதானமாகப் படி. தம்பி மனைவியைக் கவர்ந்தது குற்றம் என்கிறான் இராமன். அம்பு தைத்துக் கிடக்கும் வானர அரசன் வாலி, கைதேர்ந்த வக்கீலைப் போல வாதாடுகிறான்: எங்கள் குலத்தில் மனிதர்க்குரிய மணமுறை கிடையாது, உங்கள் அறம் எங்களை எப்படிக் கட்டும்? ஃபேன்டஸி எழுதுகிற எவரும் என்றைக்காவது எதிர்கொண்டே தீர வேண்டிய கேள்வி இது. நல்லது கெட்டது அறிந்தவன் எந்த உடம்பில் இருந்தாலும் விலங்கல்லன் என்பது இராமனின் விடை. முதலையிடம் சிக்கித் திருமாலைக் கூப்பிட்ட யானையையும், சீதைக்காகப் போரிட்டு மாண்ட சடாயுவையும் சாட்சிக்கு அழைக்கிறான். அந்தக் கழுகரசனைத் தன் தந்தை என்றே சொல்கிறான். (மறைந்து நின்று எய்தது ஏன் என்ற கேள்விக்கு மட்டும் இலக்குவன்தான் பதில் சொல்கிறான். அந்த வழக்கு நம் பட்டிமண்டபங்களில் இன்னும் முடிந்தபாடில்லை.) குரங்கு உடம்பை மாற்றாமலேயே வாலியைப் பொறுப்புள்ள ஓர் ஆளாக்கிவிடுகிறார் கம்பர்.

எதிரி முழுக்கக் கெட்டவனாக இருந்தால்தானே போர் சூடுபிடிக்கும் என்று நீ கேட்கலாம். கும்பகருணனைப் பார். சீதையைக் கவர்ந்தது தவறு என்று அண்ணன் இராவணன் முகத்துக்கு நேரே சொல்கிறான். இராமன் பக்கம் சேர்ந்துவிட்ட தம்பி வீடணன் போர்க்களத்தில் வந்து அழைத்தபோதோ, நெடுநாள் வளர்த்து ஆளாக்கியவனை விட்டு வர மறுக்கிறான். சாகும் தருவாயில், வீடணனைக் காப்பாற்று என்று இராமனிடமே வேண்டுகிறான். ஒரே வீட்டில் பிறந்த மூவரும் மூன்று வழியில் போகிறார்கள். கும்பகருணன் வெட்டுண்டு விழும்போது நமக்கு வலிக்கிறதே, பெயரில்லாத ஆயிரம் அரக்கர் விழுந்தால் அந்த வலி வராது. 1954, 55-இல் ‘தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலை வெளியிட்ட டோல்கீனுக்கும், ஓர்க் என்ற இனம் பிறப்பிலேயே திருந்த முடியாததா என்ற உறுத்தல் கடைசிவரை இருந்தது. அவருடைய ஓர்க் தலைவர்கள் இருவர், இந்தச் சண்டையை விட்டு எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்ளலாமா என்று முணுமுணுக்கும் ஓர் இடம் வரும். அந்த ஒரு பக்கத்தில்தான் ஓர்க்குகளுக்கு உயிர் வருகிறது.

நீ கேட்கக்கூடிய அந்தக் கேள்வியைவிடக் கனமான மறுப்பு நம் மண்ணிலேயே எழுந்தது. அரக்கர் என்பது வெறும் கற்பனை இனமல்ல, தென்னாட்டு மக்களுக்குப் பூசிய சாயம் என்றது திராவிட இயக்கம். இராவணனைத் தமிழ் மன்னனாகவும் தலைவனாகவும் வைத்துப் புலவர் குழந்தை 1946-இல் ‘இராவண காவியம்’ வெளியிட்டார். 1948-இல் அதைத் தடை செய்தார்கள். 1971-இல்தான் தடை நீங்கியது. அந்த மறுப்பைக் கம்பர் மீதான பக்தியால் ஒதுக்கிவிட முடியாது. இராமன் அம்புக்குப் பலியான அரக்கி தாடகைக்குத் தன் பக்கத்தைச் சொல்ல அவர் எவ்வளவு இடம் கொடுத்தார் என்று கேட்டால் நானும் தயங்கத்தான் வேண்டும். கற்பனை இனத்தைப் படைக்கும்போது, படிக்கிறவர்கள் அதில் யாருடைய முகத்தைத் தேடுவார்கள் என்பதும் ஆசிரியர் தலையில்தான் விடிகிறது. ஆனால் அந்த மறுப்பு என் கட்சிக்கே வலு சேர்க்கிறது. இனத்துக்கு ஒற்றைக் குணம் என்று எங்கே எழுதினாலும், அந்த இனத்தின் பெயரால் யாராவது ஒருவர் எழுந்து கேட்கத்தான் செய்வார்.

வீடணன் மாதிரி கட்சி மாறுகிற ஒருவனை எழுதிவிட்டால் போதுமே என்று தோன்றும். அது சுலபம்; நல்லவன் என்றால் நம் பக்கம் வந்துவிடுவான் என்றுதான் அதற்குப் பொருளாகும். உன் சதுப்புநிலத்தில், கதாநாயகி பக்கம் சேராமலேயே தன் தலைவனோடு மல்லுக்கு நிற்கிற ஓர் அரக்கியை எழுது. அவள் தோற்றாலும் சரி. அந்த அத்தியாயம் முடிந்ததும் அனுப்பு. குள்ளர்களைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
உன் அம்மான்