ஹெர்மிஸ் கப்பலில் எந்த விமானம்?

கேள்வி: ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பலின் மாதிரியை 1:350 அளவில் செய்து வருகிறேன். தளத்தில் எந்த விமானங்களை வைப்பது? நுண்பாகங்களை எப்படித் தெரிவு செய்வது?
– ஒரு வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: விமானத்தைத் தெரிவு செய்யுமுன் வருஷத்தைத் தெரிவு செய்யுங்கள். 1924-இல் சேவையில் சேர்ந்த அக்கப்பல் தன் ஆயுட்காலத்தில் பலவகை விமானங்களைச் சுமந்ததாதலின், ஒரு காலத்து விமானத்தை வேறொரு காலத்துத் தளத்தில் நிறுத்துவது சரித்திர விரோதமாகும். இரண்டாம் உலக யுத்தத்தின் ஆரம்ப காலத்தைக் காட்டுவதாயின், 814-ஆம் அணியின் ‘சுவோர்ட்ஃபிஷ்’ இரட்டை இறக்கை விமானங்களே உசிதம். விரித்த இறக்கை உங்கள் அளவில் சுமார் 40 மில்லிமீட்டரும், மடித்தது 15 மில்லிமீட்டரும் இருக்கின்றனவா என்று அளவுகோலால் பரீட்சித்த பின்னரே பணம் கொடுங்கள். தடித்த பிளாஸ்டிக் கம்பிவேலி கண்ணை உறுத்துமாதலால், அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளைத் தகட்டு வேலியையே வாங்குங்கள், 5.5 அங்குலப் பீரங்கிகள் ஆறு உள்ளனவா என்றும் எண்ணிப் பாருங்கள்.

ஆனால், திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு இரவோடிரவாகப் புறப்பட்டு, 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட அந்தக் கடைசிப் பிரயாணத்தைச் சித்திரிப்பதே தங்கள் நோக்கமாயின், விமானமே வாங்க வேண்டாம். அவையெல்லாம் முன்னரே கரையில் இறக்கப்பட்டுவிட்டமையால், அன்று கப்பலில் ஒன்றுகூட இல்லை.