காதுக்குள் ஓயாத இரைச்சல்

பீத்தோவன் என்றதும், காது கேளாத நிலையிலும் சிம்பொனிகளைப் படைத்த இசை மேதை என்பதே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அவர் காதுக்குள் அமைதி குடிகொண்டிருக்கவில்லை. 1801-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தம் இளமைக்கால நண்பரும் மருத்துவருமான வெகலருக்கு வியன்னாவிலிருந்து எழுதிய கடிதத்தில், தம் செவிகள் இரவும் பகலும் இரைந்துகொண்டே இருப்பதாக அவர் முறையிடுகிறார். அப்போது அவருக்கு வயது 30. மெல்லப் பேசினால் குரல் கேட்கிறது, சொற்கள் விளங்கவில்லை. யாரேனும் உரக்கக் கத்தினாலோ தாங்க முடியவில்லை என்றும் எழுதுகிறார்.

இந்தக் காதிரைச்சலை மருத்துவர்கள் டின்னிடஸ் என்பர். மணி ஒலித்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினைச்சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஆயுர்வேதம் கர்ணநாதம் என்கிறது. வெளியே ஒலி எதுவும் இல்லாதபோதும் சீழ்க்கையோ, வண்டின் ரீங்காரமோ, குக்கரின் ஆவி சீறுவது போன்ற ஓசையோ கேட்டுக்கொண்டேயிருக்கும். பலர் நாளடைவில் இதற்குப் பழகி விடுகின்றனர். அப்படிப் பழகியவரின் அருகே திடீரென ஓர் அதிர்வேட்டு வெடித்தால், அடங்கிக் கிடந்த இரைச்சல் மீண்டும் பெரிதாகி விடுகிறது. அப்போது அவர் என்ன செய்ய வேண்டும் என்பதையே இங்கு ஆராய்வோம்.

சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகளைப் பாடத்தில் படித்திருக்கிறோம். பேரொலி வரும்போது அங்கவடியை இழுத்துப் பிடித்து, உள்ளே செல்லும் அதிர்வைக் குறைக்க ஒரு சிறு தசை உண்டு. இறைவன் அமைத்த அழகிய காவல் அது. ஆயினும் அத்தசை சுருங்கச் சிறிது நேரம் பிடிக்கும். வெடியோசை அதற்கு முன்பே உட்செவியை எட்டிவிடும். அங்கே நத்தை ஓடு போல் சுருண்டுள்ள காக்லியாவில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் உயிரணுக்கள் உள்ளன. சில களைப்புற்று ஓரிரு நாளில் தேறும். அழிந்தவை மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது? வானொலியில் ஒரு நிலையம் சரியாகக் கேட்கவில்லையென்றால் குமிழைத் திருகி ஒலியைக் கூட்டுவோம். பாட்டுடன் கரகரப்பும் சேர்ந்து உயரும். செவியிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளையும் இவ்வாறே தன் கூருணர்வை உயர்த்திக் கொள்கிறது, அந்த உயர்வே இரைச்சலாகக் கேட்கிறது என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். ஆபத்து என்று மூளை கருதும் ஒலிக்கு அது மேலும் உற்றுச் செவி கொடுக்கும். ஆகவே அச்சம் இந்த இரைச்சலுக்கு நல்ல தீனி.

மீண்டும் வியன்னாவுக்குச் செல்வோம். 1809-ஆம் ஆண்டு மே மாதம் நெப்போலியனின் படை அந்நகரைப் பீரங்கிகளால் தாக்கியது. பீத்தோவன் தம் தம்பி வீட்டு நிலவறையில் புகுந்து, தலையணைகளால் தலையை மூடிக்கொண்டு கிடந்தார் என்று அவருடைய மாணவர் ரீஸ் எழுதி வைத்திருக்கிறார். நோயுற்ற செவிகளுக்கு அந்நேரத்தில் அதைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறில்லை. இதைப் படித்து நகைப்பவரும் உண்டு. நமக்கு நகைக்கத் தோன்றவில்லை.

பீரங்கி ஓய்ந்த பின்னும் தலையணையை எடுக்காமலிருப்பதுதான் தவறு. வெடியோசையால் இரைச்சல் கூடியவர்கள் பெரும்பாலும் செய்வது இதுவே. கதவைச் சாத்துகின்றனர், நாள் முழுதும் காதை அடைத்துக்கொள்கின்றனர், கோவிலுக்கும் கடைக்கும் போவதை நிறுத்துகின்றனர். முதல் சில நாள்கள் உரத்த ஒலிகளிலிருந்து செவிக்கு ஓய்வு கொடுப்பது மிகவும் நல்லது. ஆனால் முழு நிசப்தம் ஓய்வு ஆகாது. 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் காதில் எக்குறையும் சொல்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் இருக்கச் செய்தனர். அவர்களில் 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் இரைச்சல் கேட்டதாகக் கூறினர்! நலமான செவிக்கே நிசப்தத்தில் ஓசை கேட்குமென்றால், நொந்த செவியின் நிலை எப்படியிருக்கும்? மேலும், எப்போதும் அடைத்து வைத்த காதுக்கு நாளடைவில் பாத்திரம் தேய்க்கும் ஓசையும் இடியாகத் தோன்றும்.

ஆதலால் மெல்லிய ஒலி துணையிருக்க வேண்டும். மின்விசிறி சுழலும் ஓசை, மழையோசை, தாழ்ந்த சுருதியில் தம்பூரா ஆகியவற்றுள் மனத்துக்கு இதமானதைக் கேட்கலாம். இரைச்சலை அமுக்கிவிடும் அளவுக்கு வைத்தல் கூடாது. அதனுடன் கலந்து கேட்டால் போதும். இரவில் இது பெரிதும் உதவும், ஏனெனில் உறக்கம் கெட்டால் மறுநாள் இரைச்சல் பெரிதாகத் தோன்றும். கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று மணிக்கொரு முறை செவி சாய்த்துப் பார்ப்பதையும் விட வேண்டும். சொல்வது எளிது, செய்வது கடினம். அதற்கென்றே அறிவுசார் நடத்தைப் பயிற்சி என்னும் சிகிச்சை முறை இருக்கிறது. அது இரைச்சலை நீக்குவதில்லை. அதனால் வரும் துன்பத்தைக் குறைக்கிறது. கூடிய இரைச்சல் சில நாள்களிலோ வாரங்களிலோ பழைய அளவுக்கு இறங்குவது உண்டு. முழுதும் இறங்காதவர்களிலும் பலர் அதைப் பொருட்படுத்தாமல் வாழப் பழகிவிடுகின்றனர்.

நம் பாட்டிமார் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடச் சொல்வர். அன்பினால்தான் சொல்கின்றனர். பீத்தோவனுக்கும் ஒரு மருத்துவர் வாதுமை எண்ணெய் கொடுத்துப் பார்த்தார். பயன் ஒன்றும் இல்லையென்று அதே கடிதத்தில் அவர் கேலியாக எழுதுகிறார். உட்செவிக்கு எண்ணெய் எட்டாது. வெடியோசையில் செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெயால் கேடே விளையும். வெடித்தபின் கேட்கும் திறன் குறைந்தாலோ, ஒரு காது அடைத்தாற்போல் இருந்தாலோ, தலை சுற்றினாலோ, ஓரிரு நாள்களுக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்ல வேண்டும். தானாகச் சரியாகுமென்று வாரக்கணக்கில் காத்திருந்தால், கொடுக்கக்கூடிய மருந்தின் பயனும் குறைந்துபோகும்.

வெடி வகைகளுக்கு நம் நாட்டில் 1999 முதல் வரம்பு உண்டு: வெடிக்குமிடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல். கையெட்டும் தூரத்தில் நிற்பவருக்கு ஒலி இன்னும் மிகுதி என்பதை மறக்கலாகாது. திருவிழாவில் வாண வேடிக்கையைத் தள்ளி நின்று பார்த்தாலும் அழகு குறைவதில்லை. தேர் வரும் பாதையில் நிற்க நேர்ந்தால் பஞ்சு போதாது. அது ஒலியைச் சிறிதே தடுக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைப்பஞ்சு அடைப்பானை விரலால் உருட்டி மெலிதாக்கி, மறு கையால் காது மடலை மேல் நோக்கிப் பின்னே இழுத்துச் செருகி, அது உப்பி நிறையும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். வெடி முடிந்து கூட்டம் கலைந்ததும் எடுத்துவிடலாம்.