முதல் மழைக்குப் பின் முளைக்கும் பச்சை: ஃபலாரிஸ் புல்லும் கங்காருக்களும்

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை, விக்டோரியாவில் நிலமோ திறந்தவெளியோ பக்கத்தில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு

விக்டோரியாவின் விவசாயிகள் ஆன்சாக் தினமான ஏப்ரல் 25ஐ ஒட்டி ஒரு நல்ல மழையை எதிர்பார்ப்பார்கள். கோடை முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடந்த மேய்ச்சல் நிலம் அந்த மழைக்குப் பிறகுதான் கண் திறக்கும். அங்கங்கே திட்டுத்திட்டாகப் பச்சை தெரியும். பார்க்க இதமாகத்தான் இருக்கும். ஆனால் அது எந்தப் புல்லின் பச்சை என்று இந்த வாரமே நிலத்தில் இறங்கிப் பாருங்கள். மெல்பர்னின் வடக்கு, மேற்கு ஓரங்களில் புது வீடு கட்டிக் குடியேறியவர்கள், வீட்டுக்குப் பின்னால் ஓடையோ பூங்காவோ உள்ளவர்கள், ஐந்து பத்து ஏக்கர் வாங்கிப் போட்டு வாரக்கடைசியில் போய் வருகிறவர்கள் எல்லோருக்கும்தான் சொல்கிறேன். அது ஃபலாரிஸ் புல்லாக இருந்தால், குளிர்காலம் முடிவதற்குள் உங்கள் வேலிக்கு அப்பால் கங்காருக்கள் தலை நடுங்கித் தள்ளாடி விழுவதைப் பார்க்க நேரலாம்.

ஊரில் மாடு வளர்த்தவர்களுக்கு இதை நீட்டி முழக்க வேண்டாம். இளஞ்சோளத்தில் மாட்டை விடமாட்டார்கள். அறுத்த சோளக் கட்டையில் மழைக்குப் பின் துளிர்க்கும் குருத்தை மேய்ந்த மாடு மூச்சுத் திணறி, கொஞ்ச நேரத்தில் கீழே சாய்ந்துவிடும். முற்றிக் காய்ந்த தட்டை நல்ல தீனி, இளங்குருத்து நஞ்சு. ஃபலாரிஸின் நஞ்சு வேறு வகை, அது வேலை செய்யும் விதமும் வேறு. ஆனாலும் பயப்பட வேண்டிய பருவம் அதேதான்: வறட்சி முடிந்து, மழை விழுந்து, குருத்து விடும் பருவம்.

சென்ற ஜூன் மாதத்தில் நண்பர் ஒருவரின் நிலத்தில் தங்கியிருந்தேன். விடிந்தும் பனி விலகவில்லை. குட்டைக் கரையில் ஏழெட்டுக் கங்காருக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. கதவு திறந்த சத்தத்துக்கு எல்லாம் தலையைத் தூக்கின. ஒன்றின் தலை மட்டும் தூக்கிய இடத்தில் நிற்கவில்லை. முதுமையில் சிலருக்கு வருமே, விடாத நடுக்கம், அதுபோல மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது. மற்றவை வேலியைத் தாண்டிப் போய்விட்டன. இது துள்ளியது. பின்னங்கால்கள் சேர்ந்து வரவில்லை. பக்கவாட்டில் விழுந்து, எழுந்து, மறுபடி துள்ளி, இந்த முறை தலைகுப்புறப் புரண்டது. பதறிப்போய் நான் இரண்டடி முன்னால் வைத்தேன். அந்த இரண்டடியால் அதன் நடுக்கம் இரட்டிப்பானது. நண்பர் என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். பத்து நிமிடம் யாரும் அசையாமல் இருந்த பிறகு அது மெல்ல எழுந்து நின்று, காலடியில் இருந்த அதே புல்லைத் திரும்பவும் மேயத் தொடங்கியது. அன்று என் கண்ணை விட்டு அகலாதது அந்தக் கடைசிக் காட்சிதான்.

இந்தப் புல் இந்த மண்ணுக்கு உரியதல்ல. மத்தியதரைக் கடல் நாடுகளைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குயின்ஸ்லாந்தின் டுவூம்பாவில் வளர்க்கப்பட்டு, அந்த ஊர்ப் பெயராலேயே டுவூம்பா கேனரி புல் என்று அழைக்கப்பட்டது. வேர் ஆழமாக இறங்கும். கோடையில் மேலே கருகினாலும் அடித்தூர் சாகாது. வறட்சியைத் தாங்கும், மண்ணைப் பிடித்து வைக்கும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் நிறைய தீனி தரும். அதனால் தென்கிழக்கு ஆஸ்திரேலியா முழுக்க விதைத்தார்கள். விதைத்த காரணத்தை நான் குறை சொல்லமாட்டேன். அதன் நஞ்சும் அப்போதே மறைவாக இருக்கவில்லை. ஆடுகள் தள்ளாடி விழுவதை 1940களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

புல்லில் டிரிப்டமைன் வகை ஆல்கலாய்டுகள் உள்ளன. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனினைப் போலவே இவை நடிக்கும். அசைவைக் கட்டுப்படுத்தும் கட்டளைகள் குழம்பிப்போகும். நாள்பட்ட பாதிப்பில் இறந்த விலங்கை அறுத்துப் பார்த்தால் மூளையின் சில பகுதிகளிலும் சிறுநீரகத்திலும் பச்சை கலந்த நிறமி படிந்திருக்கும். உடம்புக்குள்ளேயே புல்லின் சாயம் ஏறியதுபோல.

ஆட்டுக்கு இதிலிருந்து தப்ப வழி உண்டு. கோபால்ட் கிடைத்தால் தள்ளாட்டம் வராது என்று கண்டுபிடித்தார்கள்; இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் இந்த நஞ்சைச் சிதைப்பதாகக் கருதுகிறார்கள். ஆட்டின் இரைப்பையில் ஆண்டுக்கணக்கில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் கோபால்ட் குண்டு இதற்குப் பயன்பட்டது. திடீர்ச் சாவை அது தடுக்காது, தள்ளாட்டத்தைத் தடுக்கும். அதோடு, பசித்த மந்தையைப் புதுத் தளிரில் ஒரேயடியாக விடாமல் முதலில் வைக்கோல் கொடுத்துப் பிறகு விடுவார்கள். ஆல்கலாய்டு குறைந்த ரகங்களையும் உருவாக்கினார்கள். இத்தனையும் ஆட்டுக்குச் சொந்தக்காரன் இருப்பதால் நடந்தது. கங்காருவுக்கு மருந்துக் குண்டு கொடுக்க யாருமில்லை. மேய்ச்சலை மாற்றிவிடவும் யாருமில்லை. அது வழக்கமாக மேய்ந்த நாட்டுப் புல்வெளிகளில் வீடுகளும் சாலைகளும் வந்துவிட்டன. மிஞ்சிய திடலில் ஃபலாரிஸ் நிற்கிறது. மழை விழுந்ததும் ஆழ வேரின் பலத்தில் அது முந்திப் பச்சைகட்டுகிறது. பசித்த விலங்கு முதலில் கண்ட பச்சையைத்தான் தின்னும். விக்டோரியாவில் கிழக்குச் சாம்பல் கங்காருக்களிலும் தெற்கு ஆஸ்திரேலியாவில் மேற்குச் சாம்பல் கங்காருக்களிலும் இந்த நோய் பதிவாகியிருக்கிறது.

முதல் வேலை, புல்லை அடையாளம் காண்பது. தூர்தூராக வளரும் பல்லாண்டுப் புல் இது. இலை நீலம் கலந்த பச்சை. வசந்தத்தின் இறுதியில் ஒன்றரை மீட்டர் வரை, சில இடங்களில் அதற்கும் மேலே வளரும். நுனியில் விரல் நீளத்துக்கு நெருக்கமான உருளைக் கதிர் நிற்கும். இப்போது கதிரைத் தேடாதீர்கள், போன வருஷத்துக் காய்ந்த தாள் மட்டுமே இருக்கும். அந்தக் காய்ந்த தாளின் அடியில் குத்துக்கால் வைத்து உட்காருங்கள். மண்ணோடு சேரும் இடத்தில் தண்டு சின்ன வெங்காயம்போலப் புடைத்திருக்கும். இளந்தண்டை அடியில் ஒடித்தால் இளஞ்சிவப்புச் சாறு கசியும். இந்த இரண்டும் இருந்தால் அநேகமாக அது ஃபலாரிஸ்தான். சந்தேகமானால் தூரோடு பிடுங்கிப் படமெடுத்து, உங்கள் நகராட்சியின் சுற்றுச்சூழல் பிரிவுக்கோ அருகில் உள்ள லேண்ட்கேர் என்னும் தன்னார்வ நிலப் பராமரிப்புக் குழுவுக்கோ அனுப்புங்கள். பார்த்துச் சொல்வார்கள்.

அடுத்தது, நம்மில் பலர் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு தவறு. மழைக்குப் பின் புல் ஒழுங்கில்லாமல் தெரிகிறதே என்று இப்போது இயந்திரம் வைத்து வெட்டுவது. வேண்டாம். வெட்டிய தூர் மறுபடி துளிர்க்கும். அப்படி வரும் இளந்துளிரில்தான் நஞ்சு அதிகம். காய்ந்த உயரத் தாள் இருந்தால் கங்காரு அதை ஒதுக்கிவிட்டுப் போகும். நீங்கள் அதை அகற்றிக் குருத்தை மட்டும் தட்டில் வைத்துக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும். தீ அபாயத்துக்காக நகராட்சி வெட்டச் சொல்வது வசந்தத்தின் முடிவில், கோடைக்கு முன்னால். அந்த வெட்டு வேறு.

வீட்டு மனையளவு இடமென்றால் மண்வெட்டி போதும். மழையில் மண் இளகியிருக்கும் இப்போதுதான் சௌகரியம். மேல் இலையைப் பிடுங்கிப் பயனில்லை, புடைத்த அடித்தண்டும் வேர்க்கட்டும் சேர்ந்து வெளியே வரவேண்டும். மழைநேரத்தில் பிடுங்கிப் போட்ட தூர் கிடந்த இடத்திலேயே மறுபடி வேர் பிடிக்கும். ஆகவே மண்ணை உதறி, அள்ளிக்கொண்டு போய்விடுங்கள். ஏக்கர்கணக்கில் இருந்தால் களைக்கொல்லியைத் தவிர்ப்பது கடினம். கிளைஃபோசேட் வகை மருந்தைப் புல் சுறுசுறுப்பாக வளரும்போது, தூருக்குத் தூர் குறிபார்த்து அடிப்பதே முறை. காற்று வீசும் நாளில் வேண்டாம். ஓடை, குட்டைக் கரைகளில் தண்ணீரருகே அடிக்க அனுமதித்த வகையைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். ஒரு வருஷத்தில் முடியாது. மண்ணில் கிடக்கும் விதை மறுவருஷமும் முளைக்கும்.

அகற்றிய இடத்தை வெறுமையாக விட்டால் அதே புல் திரும்ப வரும். நாட்டுப் புல் போடுங்கள். வாலபி புல், வீப்பிங் புல், கங்காருப் புல் மூன்றும் இந்த நிலத்துக்குப் பழகியவை. கங்காருப் புல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதே இனம் நம் நீலகிரியின் மலைப் புல்வெளிகளிலும் இயற்கையாக வளர்கிறது. அந்தப் புல்வெளிகளை விழுங்கிய சீகை மரம், அதாவது வாட்டில், 19ஆம் நூற்றாண்டில் இந்த நாட்டிலிருந்து அங்கே போனது. வெளியிலிருந்து வந்த ஒரு செடி ஒரு மேய்ச்சல் நிலத்தை என்ன செய்யும் என்பது ஊட்டிப் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்த கதை.

நோய்ப்பட்ட கங்காருவைக் கண்டால் அருகே போகாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கலவரப்படுத்தினால் நடுக்கம் கூடும், விழும், முள்கம்பியில் சிக்கும், குட்டையில் சரியும். நல்ல கங்காருவையே துரத்தினால் தசைகள் சிதைந்து செத்துப்போகக்கூடும், அப்படிப்பட்ட உடம்பு அதற்கு. நாயை உடனே உள்ளே கட்டுங்கள். பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்புங்கள். தூரத்திலிருந்தே கைப்பேசியில் அரை நிமிடம் படம்பிடித்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, வனவிலங்கு மீட்பு அமைப்பான வைல்ட்லைஃப் விக்டோரியாவை 03 8400 7300 என்ற எண்ணில் அழையுங்கள். அந்தக் காணொளி முக்கியம். ரைகிராஸ் புல்லின் பூஞ்சை நஞ்சாலும் இதேபோல் தள்ளாட்டம் வரும். கார் மோதித் தலையில் அடிபட்டதும் தடுமாறும். கண் தெரியாமல் போகும் நோய் ஒன்றும் கங்காருக்களுக்கு உண்டு, அது வந்த கங்காரு மரத்திலும் வேலியிலும் முட்டும், ஆனால் தலை இப்படி ஆடாது. மீட்பவர்கள் பார்த்தால் பிரித்தறிவார்கள்.

அந்தக் காணொளியை வேடிக்கைக்காக யாருக்கும் அனுப்பாதீர்கள். குடித்துவிட்டு ஆடும் கங்காரு என்று சிரிப்புப் படத்தோடு என் கைப்பேசிக்கும் வந்திருக்கிறது. அது வலிப்பில் கிடக்கும் உயிர்.

அழைத்ததும் வரும் மீட்பவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், அப்போது அதிர்ச்சி குறையும். முற்றிய நிலையில் உள்ள கங்காரு பிழைப்பது அரிது. நரம்பில் ஏற்பட்ட சேதத்தை மாற்றும் மருந்து இல்லை. பெரும்பாலும் துன்பமில்லாமல் உயிரை முடித்துவிடுவார்கள். அதைக் கேட்டு அழைக்கத் தயங்குகிறவர்கள் நம்மிடையே உண்டு, எனக்கும் தொடக்கத்தில் அந்தத் தயக்கம் இருந்தது. அழைக்காவிட்டால் அது நாள்கணக்கில் விழுந்து எழுந்து, தண்ணீர் குடிக்கப் போக முடியாமல், நரியின் வாயில் முடியும். நீங்களாக எதுவும் செய்யக்கூடாது. 1975ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி கங்காரு பாதுகாக்கப்பட்ட விலங்கு. அனுமதி இல்லாமல் கொல்வது குற்றம்.

இறந்து கிடப்பது பெட்டையென்றால் மடிப்பையில் குட்டி உயிரோடு இருக்கலாம். அது சாலையில் கிடந்தால், நீங்கள் பத்திரமாக நிற்க முடிந்தால் மட்டும் பாருங்கள். காம்பைக் கவ்வியிருக்கும் குட்டியை இழுக்காதீர்கள், வாய் கிழிந்துவிடும். இருக்கும் இடத்திலேயே விட்டு உடனே அழைத்து, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். பாவமென்று பசும்பால் ஊற்றவே கூடாது, அதன் வயிறு தாங்காது. பெரிய கங்காருக்களுக்கும் ரொட்டி, கேரட் போட்டுப் பழக்காதீர்கள். தீனிக்காக உங்கள் வேலியோரம் கூடுபவை அங்கேயுள்ள ஃபலாரிஸையும் சேர்த்தே மேயும்.

வேலியில் மேல்கம்பி முள்கம்பியாக இருந்தால் இந்த மாதத்திலேயே கழற்றி வெறும் கம்பி போடுங்கள். முடியாவிட்டால் பழைய தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கீறி அதன்மேல் மாட்டுங்கள். விடியலிலும் அந்தியிலும் காரை மெதுவாக ஓட்டுங்கள். தள்ளாடும் கங்காரு சாலையில் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது.

ஆடு வளர்க்கிறவர்கள் மேய்ச்சல் விதைக் கலவை வாங்கும்போது பையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை முழுக்கப் படியுங்கள். ஃபலாரிஸ் களையாக அறிவிக்கப்பட்ட செடி அல்ல, கடையில் இன்றும் கிடைக்கிறது. கங்காரு வந்துபோகும் நிலமானால் வேண்டாமென்று சொல்லுங்கள். ஏற்கெனவே விதைத்திருந்தால் ஆட்டுக்குக் கோபால்ட் கொடுப்பது பற்றிக் கால்நடை மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள், குளிர் இறுகிய பிறகு அல்ல.

ஆகஸ்ட் கடந்ததும் கவலை தீர்ந்ததென்று இருந்துவிடாதீர்கள். மேய்ச்சலை விட்டு வந்து மாதங்கள் கழிந்தும் ஆடுகளுக்குத் தள்ளாட்டம் வெளிப்பட்டிருக்கிறது. நாட்காட்டியில் நவம்பர் முதல் வாரத்தையும் இப்போதே குறித்துவையுங்கள். பிடுங்க முடியாமல் விட்ட தூர்கள் அப்போது கதிர் தள்ளும். கதிர் பச்சையாக இருக்கும்போதே அறுத்து, பையில் கட்டி, நிலத்தைவிட்டு வெளியே கொண்டுபோய்விடுங்கள்.