சங்கிலித் திட்டமும் சரக்கு விற்பனையும்

பொத்தேரிப் பகுதி அங்கத்தினர் சிலர் எழுப்பிய வினா ஒன்று ஆராயத்தக்கது. "சங்கத்தில் சேரப் பங்குத்தொகை கட்டுகிறோம், ஆள் சேர்க்கும் வியாபாரத்திலும் சேர்க்கைத்தொகை கட்டச் சொல்லுகிறார்கள். இரண்டுக்கும் வேற்றுமை யாது?" என்பதே அவ்வினா.

ஆதாயம் எங்கிருந்து வருகிறது என்பதே வேற்றுமை. நெசவாளர் சங்கம் நூல் வாங்கிச் சேலை நெய்வித்து, கோ-ஆப்டெக்ஸ் வாயிலாகவோ நேராகவோ விற்கிறது. உடுத்துவதற்கென்று வாங்குவோர் கொடுக்கும் விலையிலிருந்தே கூலியும், மிச்சமிருப்பின் பங்காதாயமும் கிடைக்கின்றன. புதிதாக ஒருவரும் சேராத ஆண்டிலும் சேலை விற்கும்.

சங்கிலித் திட்டத்திலோ பின்னால் வருபவரின் பணமே முன்னால் வந்தவரின் வருமானம். ஒருவர் அறுவரைச் சேர்க்க வேண்டுமென்று கொள்வோம். ஆறாம் அடுக்கில் 46,656 பேர் வேண்டும். பன்னிரண்டாம் அடுக்கில் 217 கோடிக்கு மேல். பாரத நாட்டின் ஜனத்தொகையே அதற்குப் போதாது! இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. இச்சங்கிலி எந்த அடுக்கில் அறுந்தாலும், சேர்ந்தவருள் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கினர் கடைசி அடுக்கில் நிற்பர். அவர்களுக்குக் கீழே ஒருவருமில்லை. ஆகவே நஷ்டம் சிலருடைய துரதிருஷ்டத்தால் நேர்வதன்று, திட்டத்திலேயே அமைந்தது.

அதற்காகப் பல அடுக்கு விற்பனை யாவும் மோசடி என்று தள்ளுவது நியாயமன்று. சரக்கை விற்பவர், தாம் பழக்கிவிட்டவருடைய விற்பனையிலும் ஒரு பங்கு பெறுவது தன்னளவில் குற்றமாகாது. சரக்கு உபயோகிப்பவர் கைக்கு நியாய விலையில் போய்ச் சேருகிறதா என்பதே கேள்வி. கடையில் 200 ரூபாய் பெறும் பொருளுக்கு 600 ரூபாய் வாங்கினால், மிகுதி 400 ரூபாயும் வேறு பெயரில் வரும் சேர்க்கைத்தொகைதான்.

இவ்வெல்லை எவ்வளவு நுண்ணியது என்பதற்கு ஆம்வே நிறுவனத்தின் வரலாறே சான்று. விற்காத சரக்கைத் திரும்பப் பெறுதல், வாங்கிய சரக்கில் 70 சதவீதமேனும் விற்றாக வேண்டுமென்னும் விதி முதலியவற்றைக் கருதி, அது சங்கிலி மோசடியன்று என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 1979-இல் தீர்மானித்தது. ஆயினும் வருமானத்தை மிகைப்படுத்திக் காட்டியதைக் கண்டித்தது. நம் நாட்டிலோ ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் 2007-இல், அதன் முறை 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அடங்கும் என்று கூறியது. 2022-இல் மத்திய அமலாக்கத் துறை, திண்டுக்கல் மாவட்டத்திலுள்ள ஆலை உட்பட 757 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சொத்துக்களை, சங்கிலி மோசடி என்னும் குற்றச்சாட்டின் பேரில் முடக்கியது. ஆலையும் சரக்கும் உண்மையாக இருந்தும் வழக்கு எழுந்ததைக் கவனிக்க.

மேற்சொன்ன 1978-ஆம் ஆண்டுச் சட்டம், பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்வது. நடத்துபவர் மட்டுமல்லர், ஆள் சேர்ப்பவரும் அதன்படி குற்றவாளியே; மூன்றாண்டு வரை சிறைவாசம் விதிக்கலாம். மைத்துனரையும் பக்கத்துத் தறிக்காரரையும் சேர்த்துவிட்டு, "நானும் ஏமாந்தவன்தானே" என்று சொல்லித் தப்ப இயலாது போகலாம். இதனை நம்மவர் பலர் அறியார்.

மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட நேரடி விற்பனை நெறிகள், சேர்க்கைக் கட்டணத்தையும் ஆள் சேர்ப்பதற்கான ஊதியத்தையும் விலக்கின. 2021 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் பிரமிடு திட்டத்தை வெளிப்படையாகத் தடுக்கின்றன. அடையாள அட்டையும் முன் அனுமதியும் இன்றி விற்பனையாளர் வீடு தேடி வருவதும் கூடாது.

யாரேனும் அழைத்தால், "நாளை முதல் ஒருவரும் சேராவிடில் எனக்கு வரும்படி உண்டா? விற்காத சரக்கைத் திரும்ப எடுப்பீர்களா? எழுத்தில் தருவீர்களா?" என்று கேளுங்கள். காரையும் வெளிநாட்டுப் பயணத்தையும் பற்றியே மறுமொழி வருமாயின் எழுந்து வந்துவிடலாம். பணம் கட்டிவிட்டவர்கள் ரசீதையும், செல்பேசியில் வந்த செய்திகளையும் அழிக்காது வைத்து, காவல் துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915.