நாட்பட்ட மூக்கடைப்பும் வெந்நீரூற்றுச் சிகிச்சையும்

மூக்கடைப்பு, சளி, முகக் கனம் ஆகியவை 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சைனஸ் அழற்சியாக இருக்கலாம். இத்தகைய நோயாளருக்கு இத்தாலி, பிரான்ஸ் நாடுகளில் கனிம வெந்நீரூற்று நீரை உள்ளிழுக்கும் சிகிச்சை மருத்துவர் பரிந்துரையின்பேரில் அளிக்கப்படுகிறது. இத்தாலியின் சிர்மியோனேயில் சுமார் 69 பாகை செல்சியஸில் கந்தக நீர் ஊறுகிறது. அதைத் தாங்கத்தக்க சூட்டிற்குக் குளிர்வித்து, கருவியால் நுண்திவலைகளாக்கி உள்ளிழுக்கச் செய்கின்றனர். பிரான்ஸில் ஒரு சிகிச்சைச் சுற்று 18 நாள்கள் நடைபெறும்.

பயன் என்ன?

திவலைகள் கெட்டியான சளியை இளக்கி, மூக்கின் உட்சவ்வை ஈரமாக்குகின்றன. எனினும் இது துணைச் சிகிச்சையே. மருத்துவர் அளித்த மூக்குத் தெளிப்பு மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. ஆஸ்துமா உள்ளோருக்குக் கந்தக நீர் மூச்சுக்குழாய்களைச் சுருக்கக்கூடும்; அவர்கள் முன்னதாகவே அதைத் தெரிவிக்க வேண்டும்.

வீட்டில் கவனம்

வெந்நீரூற்று நீரையோ குழாய் நீரையோ அப்படியே மூக்கினுள் செலுத்தாதீர்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபௌலரி என்னும் அமீபா, மூக்கு வழியே மூளையை அடைந்து உயிரைப் பறிக்க வல்லது. மூக்கைக் கழுவ, நன்கு கொதிக்கவைத்து ஆறிய 1 லிட்டர் நீரில் அயோடின் சேராத உப்பு 9 கிராம் கரைத்துப் பயன்படுத்துங்கள். கழுவும் புட்டியை ஒவ்வொரு முறையும் தூய்மையாக்கி உலர்த்துங்கள்.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், கடுந்தலைவலியுடன் காய்ச்சல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.