ஆளுமை உருவாகும் வழி

நுழையும்முன்

"நான் பிறவியிலேயே கூச்ச இயல்பு உடையவன்", "எனக்குக் கோபம் வந்தால் அடங்காது", "எங்கள் வீட்டில் எவரும் மேடை ஏறியதில்லை, என்னால் மட்டும் எப்படி முடியும்?" – மேல்நிலை வகுப்பு மாணவரிடம் ஆசிரியர் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. ஒருவரது ஆளுமை பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறதா? குழந்தைப் பருவத்தோடு நின்றுவிடுகிறதா? வாழ்நாள் முழுவதும் வளர்கிறதா? இவ்வினாக்களுக்கு உளவியல் அறிஞர் நால்வர் தந்த விடைகளை, நாம் அனைவரும் அறிந்த ஒருவரின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்கிறது இப்பாடம்.

உப்பளம் காட்டும் உண்மை

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை நெருங்கும்போது இருபுறமும் உப்பளங்கள் விரிகின்றன. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர் பலர் கருதுவர். மழைக்காலம் முடிந்ததும் தொழிலாளர்கள் களிமண் தரையைக் காலால் மிதித்துப் பதப்படுத்திப் பாத்தி அமைக்கின்றனர். உவர்நீர் ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்குப் பாய்கிறது. வெயிலிலும் காற்றிலும் அதன் அடர்த்தி ஏறுகிறது. முதலில் சுண்ணச் சத்துகள் படிகின்றன. அடர்த்தி மேலும் ஏறிய பின்னரே உப்பு விளைகிறது. எந்தப் படியையும் தாண்டிச் செல்ல இயலாது. பாத்தியின் பதமும் விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

ஆளுமையும் அவ்வாறே படிப்படியாக உருவாவது. நினைப்பது, உணர்வது, நடந்துகொள்வது ஆகியவற்றில் ஒருவருக்கே உரியதாக அமைந்து, ஓரளவு நிலைத்து நிற்கும் பாங்கினை ஆளுமை என்பர். ஆயின், உப்புக்கும் மனிதர்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. நீர் தான் பாயும் பாத்தியைத் தேர்வதில்லை. மனிதரோ ஓரளவேனும் தேர்ந்துகொள்ள வல்லவர்.

உப்பு அள்ளிய கையின் இளமை

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 6 அன்று தண்டிக் கடற்கரையில் காந்தியடிகள் உப்பு எடுத்தார். அதே மாதத்தில் இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து சென்ற தொண்டர்கள் வேதாரண்யத்தில் உப்பு அள்ளினர். பெரும் அரசின் முன் அஞ்சாது நின்ற அந்தத் தலைவர், இளமையில் எப்படி இருந்தார்?

பள்ளி முடிந்ததும், எவரேனும் பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ என்று அஞ்சி வீட்டிற்கு ஓடிவிடும் சிறுவனாகவே தாம் இருந்ததாகச் 'சத்திய சோதனை'யில் அவரே எழுதுகிறார். இலண்டனில் சட்டம் பயின்று 1891இல் திரும்பிய பின்னும் இந்நிலை மாறவில்லை. பம்பாய் நீதிமன்றத்தில் தமது முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர், ஒரு வினாவும் கேட்க இயலாமல் அமர்ந்துவிட்டார். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை நான்கு கோட்பாடுகள் நான்கு வகையாக விளக்குகின்றன.

1. ஃபிராய்டு: அடிமனத்தின் ஆற்றல்

உளப்பகுப்பு முறையை உருவாக்கியவர் வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டு (1856–1939). ஆளுமையில் மூன்று கூறுகள் இயங்குகின்றன என்றார் அவர். உடனடி நிறைவை நாடும் இச்சை 'இட்' எனப்படும். பெற்றோரும் சமூகமும் ஊட்டிய அறநெறி 'சூப்பர் ஈகோ' எனப்படும். இவ்விரண்டிற்கும் புறவுலகிற்கும் இடையே இணக்கம் காண்பது 'ஈகோ'. இவற்றின் போராட்டம் பெரும்பாலும் நாம் அறியாத நனவிலி மனத்தில் நிகழ்கிறது. ஆளுமையின் அடித்தளம் முதல் ஐந்தாறு ஆண்டுகளிலேயே அமைந்துவிடுகிறது என்பது அவர் கருத்து.

தந்தையின் உயிர் பிரிந்த வேளையில் அருகில் இல்லாமற்போன குற்றவுணர்வு, காந்தியடிகளை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. இளமைக் குற்றவுணர்வு பின்னாளைய கடுமையான தன்னடக்கத்திற்கு ஒரு காரணம் ஆகலாம் என்று இக்கோட்பாட்டின் வழி எண்ண இடமுண்டு.

2. பாண்டுரா: கண்டு கற்றல்

கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஆல்பர்ட் பாண்டுரா (1925–2021), பிறரைக் கண்டு கற்பதே ஆளுமையைப் பெரிதும் உருவாக்குகிறது என்றார். 1961இல் வெளியான அவரது ஆய்வில், பெரியவர் ஒருவர் 'போபோ' என்னும் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைச் சிறுவர் கண்டனர். பின்னர் அப்பொம்மை இருந்த அறையில் விளையாட விடப்பட்டபோது, அவர்களுள் பலர் அவ்வாறே அடித்தனர். வன்முறையைக் கண்டு கற்கும் குழந்தை, அறத்தையும் அவ்வாறே கற்கக்கூடும் அன்றோ?

சிறுவன் காந்தி அரிச்சந்திரன் நாடகத்தைக் கண்டார். அதனைத் தமக்குள் எண்ணற்ற முறை நடித்துப் பார்த்தார். எல்லாரும் ஏன் அரிச்சந்திரனைப் போல் வாய்மை தவறாதிருத்தல் கூடாது என்னும் எண்ணம் அவரை விட்டு அகலவில்லை. 'என்னால் இதைச் செய்ய இயலும்' என்னும் தன்திறன் நம்பிக்கையையும் பாண்டுரா வலியுறுத்தினார். சிறு முயற்சிகளில் பெறும் வெற்றியே அந்நம்பிக்கையை வளர்க்கும் முதன்மை வழி என்பார்.

3. ரோஜர்ஸ்: நிபந்தனையற்ற ஏற்பு

கார்ல் ரோஜர்ஸ் (1902–1987) மனிதநேய உளவியலார். தன்னைப் பற்றி ஒருவர் கொண்டுள்ள தற்கருத்தே ஆளுமையின் மையம் என்பது அவர் கொள்கை. 'மதிப்பெண் பெற்றால்தான் அன்பு' என்று நிபந்தனை விதிக்கும் சூழலில் தற்கருத்து சுருங்குகிறது. குறைகளோடும் ஏற்றுக்கொள்ளப்படும்போது அது மலர்கிறது.

பதினைந்து வயதில், தமையனின் கடனைத் தீர்க்க அவரது காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடினார் காந்தி. மனம் உறுத்தவே, குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிய தாளை நோயுற்றிருந்த தந்தையிடம் நீட்டினார். தந்தை கடிந்துகொள்ளவில்லை. அவர் கண்ணீர் தாளை நனைத்தது; பின்பு தாளைக் கிழித்துவிட்டார். அடி விழுந்திருந்தால் அந்த மகன் பொய் சொல்லக் கற்றிருக்கலாம். அன்பு கிடைத்ததால் உண்மை பேசும் துணிவைக் கற்றார்.

4. எரிக்சன்: வாழ்நாள் வளர்ச்சி

ஃபிராய்டின் வழிவந்த எரிக் எரிக்சன் (1902–1994), ஆளுமை வளர்ச்சி குழந்தைப் பருவத்தோடு முடிவதில்லை என்றார். பிறப்பு முதல் முதுமை வரை எட்டுப் படிநிலைகளை வகுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நெருக்கடி உண்டு என்றார். மழலைக்கு நம்பிக்கையா, அவநம்பிக்கையா என்பது நெருக்கடி. வளரிளம் பருவத்தினர்க்கோ, 'நான் யார்?' என்னும் தன்னடையாளமா, பங்குக் குழப்பமா என்பது நெருக்கடி. எரிக்சன் தம்மைப் பெற்ற தந்தையை அறியாமலேயே வளர்ந்தவர். அவ்வினா அவரது சொந்த வினாவும் ஆகும்.

1962இல் அகமதாபாத்திற்கு வந்த எரிக்சன், அந்நகரில் 1918இல் காந்தியடிகள் நடத்திய ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஆராயத் தொடங்கினார். அதன் விளைவாக 'காந்தியின் உண்மை' என்னும் நூல் 1969இல் வெளிவந்து புலிட்சர் பரிசு பெற்றது. 1893இல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்சுபர்க்கு நிலையத்தில் இரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட இருபத்து மூன்று வயது இளைஞர், குளிரில் நடுங்கியபடி ஊர் திரும்புவதா, உரிமைக்குப் போராடுவதா என்று எண்ணினார். அந்த இரவில் அவர் எடுத்த முடிவு, கூச்சம் மிக்க வழக்கறிஞரை மக்கள் தலைவராகும் பாதையில் செலுத்தியது.

நான்கு பார்வைகள், ஒரு மனிதர்

இவற்றுள் எது சரி? ஃபிராய்டு வேரைக் காண்கிறார், பாண்டுரா சூழலை, ரோஜர்ஸ் தற்கருத்தை, எரிக்சன் காலத்தை. ஒவ்வொன்றும் ஓர் உண்மையைக் காட்டி, மற்றொன்றை விட்டுவிடுகிறது. மேலும், இவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தோன்றியவை. கூட்டுக்குடும்பத்தில் வளரும் இந்தியக் குழந்தைக்கு இவை அப்படியே பொருந்துமா என்று எரிக்சனோடு பணியாற்றிய இந்திய உளவியலார் சுதிர் கக்கர் ஆராய்ந்தார். வறுமையும் உழைப்பும் இளமையைச் சுருக்கும் இடங்களில், 'நான் யார்?' என்று கேட்டுக்கொள்ளும் ஓய்வு எல்லார்க்கும் ஒன்றுபோல் வாய்ப்பதில்லை. விடியுமுன் பெற்றோரோடு உப்பளத்திற்குச் சென்று, பின்பு பள்ளிக்கு வரும் மாணவர் வகுப்பில் பேசாதிருந்தால், அதனைப் பிறவிக் குணம் என்று முடிவு கட்டுதல் தவறு. அவர் களைத்திருக்கலாம், கேட்பாரின்றி இருக்கலாம்.

ஆளுமைக்கு மரபு, இளமை, சூழல் ஆகியன அடித்தளம் இடுகின்றன. எனினும் அவையே முடிவுரை அல்ல. நீதிமன்றத்தில் நாத்தழுதழுத்து அமர்ந்தவரே பின்னாளில் ஒரு நாட்டின் குரலானார். கூச்சம் அவரை முற்றிலும் விட்டு நீங்கவில்லை. சொற்களை அளந்து பேசும் பழக்கமாக அது மாறியதென அவரே கூறுகிறார். குறையென நாம் கருதும் இயல்பும் பண்படுத்தப்பட்டால் வலிமையாகலாம். ஆகவே, மாணவர்களே! 'நான் இப்படித்தான்' என்று சொல்லத் தோன்றும்போது, 'இன்றுவரை' என்னும் சொல்லை அதன்முன் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். உடன் பயிலும் ஒருவரைப் பற்றி அவ்வாறு கூற நேர்ந்தாலும் அச்சொல்லை மறவாதீர்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் உழைக்கும் பெரியவர் ஒருவரிடம், இளமையில் இருந்த இயல்பு எவ்வாறு மாறியது என்று கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. தந்தையிடம் குற்றத்தை ஒப்புக்கொண்ட நிகழ்வினைப் பாண்டுரா, ரோஜர்ஸ் ஆகிய இருவரின் கோட்பாடுகளைக் கொண்டு ஒப்பிடுக.

3. 'ஆளுமையைத் தீர்மானிப்பது சூழலா, தெரிவா?' – வகுப்பில் கலந்துரையாடுக.